பெரியவங்களைத் துன்புறுத்துறது யாரு? (திரெட்)

1/ "வயசானவங்க பாரமாயிட்டாங்க, அந்த எரிச்சல்லதான் பிள்ளைங்க கை நீட்டுறாங்க." நம்மில் பலர் நினைப்பது இதுதான். அமெரிக்க சமூகவியலாளர் கார்ல் பில்லமர் 1980களிலேயே இதை ஆராய்ந்தார்.

2/ அவர் கண்டது கிட்டத்தட்ட தலைகீழ். பல வீடுகளில் துன்புறுத்துபவர்தான் பெரியவரின் பணத்தையும் வீட்டையும் நம்பி வாழ்கிறார். ஃபிங்கல்ஹாருடன் சேர்ந்து 1988ல் வெளியிட்ட பாஸ்டன் ஆய்வில், 1000 முதியவர்களுக்கு 32 பேர் பாதிக்கப்பட்டிருந்தனர். பிள்ளைகளைவிட கணவன் அல்லது மனைவி துன்புறுத்தியதே அதிகம்.

3/ அதனாலதான் "பையன் பேர்ல எழுதிக் குடுத்துடுங்க, சரியாயிடுவான்"ங்கிற சொந்தக்காரங்க அட்வைஸ் ஆபத்துன்னு சொல்றேன். எழுதிக் கொடுத்த பிறகு பெரியவர் கையில் மிஞ்சுறது என்ன?

4/ கொடுத்தே ஆகணும்னா, 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23வது பிரிவைத் தெரிஞ்சுக்கோங்க. "கடைசிவரை பார்த்துக்கணும்"னு நிபந்தனை போட்டுக் கொடுத்த சொத்தை, பார்த்துக்கலைன்னா தீர்ப்பாயம் ரத்து செய்யலாம். அந்த நிபந்தனை பத்திரத்துலயே தெளிவா இருக்கட்டும். வாய்வார்த்தையை நம்பினா நிரூபிக்கிறது பெரும்பாடு.

5/ தமிழ்நாட்டில் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். அவசரத்துக்கு முதியோர் உதவி எண் 14567.

6/ சக டாக்டர்களுக்கு: நாம கேக்குற எல்லாத்துக்கும் கூட வந்தவரே பதில் சொன்னா, அவரை அஞ்சு நிமிஷம் வெளிய உட்காரச் சொல்லுங்க. அப்புறம் மெதுவா கேளுங்க: "வீட்ல யாரைப் பார்த்தாவது பயமா இருக்காம்மா?" பி.பி. பார்க்கிற மாதிரி இதையும் பார்க்கணும்.