மவுஸ் பிடிக்கும் கை மேலே எழும்பவில்லையா?

கம்ப்யூட்டர் வாங்கும்போது ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று கடைக்காரரைக் குடைந்து எடுக்கிறோம். அதை எந்த மேஜையில் வைக்கப் போகிறோம் என்று மட்டும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டில் சும்மா கிடந்த உயரமான மேஜையில் வைத்துவிட்டேன். நாற்காலியோ தாழ்வானது. மவுஸ் எட்டாத மூலையில். தினமும் மூன்று மணி நேரம் கை அந்தரத்தில் நின்றது.

சில மாதங்களில், கொடியில் துணி உலர்த்தக் கையைத் தூக்கினால் வலது தோளில் சுரீர் என்றது. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. தெரிந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஸ்கேன் எடு என்றார் ஒருவர். ஆபரேஷன்தான் தீர்வு என்று பயமுறுத்தினார் இன்னொருவர்.

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். எடுத்த எடுப்பில் அவர் என்னை எந்த மெஷினிலும் இணைக்கவில்லை. முதலில் கழுத்தைத் திருப்பச் சொன்னார்; வலி கழுத்திலிருந்து இறங்குகிறதா என்று பார்க்க. பிறகு கையைப் பக்கவாட்டில் மெல்ல உயர்த்தச் சொன்னார். சுமார் 60 டிகிரியில் தொடங்கிய வலி, 120 டிகிரியைத் தாண்டியதும் குறைந்தது. அடுத்து நீர் டெஸ்ட், ஹாக்கின்ஸ்-கென்னடி டெஸ்ட். எந்த ஒரு டெஸ்டும் தனியாகப் போதாது, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். கடைசியாக அவரே என் கையை வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தார். அது இறுகியிருந்தால் ஃப்ரோஸன் ஷோல்டராக இருக்கலாமாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது அதிகம் வரும். எனக்கு இருந்தது இம்பிஞ்ச்மென்ட்.

அமெரிக்க டாக்டர் சார்லஸ் நீர் 1972-ல் இதை விளக்கினார். தோளின் மேல் முகட்டு எலும்புக்கும் கை எலும்பின் தலைக்கும் நடுவே தசைநாண் உரசி நசுங்குகிறது, முகட்டைச் செதுக்கினால் இடம் கிடைக்கும் என்பது அவர் கருத்து. பல நாடுகளில் அப்படியே செதுக்கினார்கள். ஆனால் பிரிட்டனில் 313 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2018-ல் லான்செட் இதழில் வந்தது. எலும்பைச் செதுக்கியவர்களுக்கும், உள்ளே கேமராவை விட்டுப் பார்த்ததோடு நிறுத்தியவர்களுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை! 2019-ல் பி.எம்.ஜே. இதழின் நிபுணர் குழு, இந்த வலிக்கு அந்த ஆபரேஷன் வேண்டாம் என்றே பரிந்துரைத்தது.

கம்ப்யூட்டர் ஹேங்க் ஆனதும் மதர்போர்டையா மாற்றுகிறோம்? தோளுக்கு மட்டும் ஏன் அந்த அவசரம்? முதலில் கையால் பரிசோதனை, அடுத்து பயிற்சி என்பதே என் கட்சி.

எனக்குக் கிடைத்த சிகிச்சையும் அதுதான். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, ரப்பர் பேண்டை வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்துப் பிடித்து விட வேண்டும். பயிற்சியின்போது லேசான வலி பரவாயில்லை; மறுநாளும் நீடித்தால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். ஒரு வாரத்தில் பலன் தெரியவில்லையே என்று விட்டுவிடப் பார்த்தேன். "மூன்று மாதம் பொறுங்கள் சார்" என்றார் அவர். பொறுத்தேன். இன்று கொடியில் துணி உலர்த்துகிறேன்.

வலிக்கு மேஜை மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வயது, தசை பலவீனம், கையைத் தூக்கியபடி செய்யும் வேலை எல்லாம் சேர்ந்தே வருகிறது. ஆனாலும் மேஜையைச் சரிசெய்யச் செலவே இல்லை. முழங்கை உயரத்தில் கீபோர்டு, அதை ஒட்டி மவுஸ், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடை. இவ்வளவுதான்.

ஓர் எச்சரிக்கை: கீழே விழுந்த பிறகு கை தூக்க முடியாவிட்டால், காய்ச்சலோடு தோள் வீங்கினால், நெஞ்சுவலியோடு தோள் வலித்தால் பயிற்சி செய்துகொண்டிருக்காதீர்கள். உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

கெட்டுப்போனால் மவுஸைக் கடையில் மாற்றிக்கொள்ளலாம். தோளை மாற்ற முடியாது!