ஏறுமுன் பேணக் கற்போம்

விடுமுறை என்பது வீணே உறங்கிக் கழிப்பதற்கு உரியதன்று. புதியன கற்பதற்கும் உரியதாகும். பிரிட்டனின் ஒரு பகுதியாகிய வேல்ஸ் நாட்டில், 886 மீட்டர் உயரமுள்ள பென்-அ-வான் சிகரத்தைச் சூழ்ந்த மலைநாட்டில் குதிரையேற்ற நிலையங்கள் உள்ளன. விடுமுறைக் காலத்தில் சிறுவர்கள் அங்கு மட்டக்குதிரைகளில் ஏறி, மலைப்பாதைகளில் உலா வருகின்றனர்.

குதிரையேற்றம் ஆபத்தானது எனப் பெற்றோர் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் நியாயமானதே. அதனாலன்றோ, 14 வயது நிரம்பாத சிறுவர் சாலையில் குதிரையேறுங்கால் தலைக்கவசம் அணிதல் வேண்டும் என்று அந்நாட்டில் 1990ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது! ஆனால், ஏறுபவரைக் காத்தால் மட்டும் போதுமா? சுமக்கும் உயிரைக் காப்பவர் யார்?

வேல்ஸ் மலை மட்டக்குதிரை சிறிய இனம். அதன் தோள் உயரம் 122 சென்டிமீட்டருக்கு மேற்படாது. சேணத்தின் அடியில் மண் ஒட்டியிருப்பின் அதன் முதுகு புண்ணாகும். குளம்பில் ஒரு கல் சிக்கினும் அது நொண்டும். வாயில்லாப் பிராணி தன் துன்பத்தை எடுத்துரைக்குமோ? ஆகவே, ஏறுமுன் அதன் உடலைத் தேய்த்துத் தூய்மை செய்தலும், குளம்பைச் சோதித்தலும், இறங்கியபின் நீரும் புல்லும் அளித்தலும் ஏறியவரின் கடமைகளாகும். பணம் கொடுத்தோம், ஏறினோம், இறங்கினோம் என்றிருப்பது வெறும் பொழுதுபோக்கே. கல்வியன்று என்பதே எங்கள் கருத்து.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் அம்மலைகளைக் காணாதிருக்கலாம். எனினும், நமக்காக உழைக்கும் உயிருக்காக நாமும் உழைத்தல் வேண்டும் என்னும் பாடம் எந்நாட்டவர்க்கும் பொதுவன்றோ?