பாட்டும் குத்தகையும்

தஞ்சாவூரை அடுத்த ரெட்டிப்பாளையத்துக்காரர் அந்தோணிதாசன். கோயில் திருவிழா மேடைகளில் ஆடியும் பாடியும் வளர்ந்தவர். ‘ஜிகர்தண்டா’வின் ‘பாண்டி நாட்டுக் கொடி’, ‘தானா சேர்ந்த கூட்டம்’ படத்தின் ‘சொடக்கு’ என்று அவர் குரல் கேட்காத கல்யாண மண்டபம் டெல்டாவில் இருக்காது. சினிமாவில் பேர் வாங்கிய இவர் சும்மா இருக்கவில்லை. ‘ஃபோக் மார்லி ரெக்கார்ட்ஸ்’ என்று சொந்தமாக ஓர் இசை நிறுவனம் ஆரம்பித்துவிட்டார்.

கைநிறையப் பாட்டு இருக்கும்போது கம்பெனி எதற்கு?

டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். உழுது, நாற்று நட்டு, அறுப்பது ஒருவர். நிலம் இன்னொருவர் பேரில். பாட்டிலும் இதே கதைதான். ஒரு பாட்டின் மூல ஒலிப்பதிவை ‘மாஸ்டர்’ என்பார்கள். அதுதான் நிலம். நம் காப்புரிமைச் சட்டப்படி, பதிவுக்கு ஏற்பாடு செய்த தயாரிப்பாளரே அதற்கு உரிமையாளர். வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் அந்த உரிமை நிற்கும். பாடியவருக்கு அன்றைய சம்பளம். 2012-இல் வந்த சட்டத்திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கை உறுதி செய்தது. பாடகர்களுக்கும் ஒரு வழி திறந்தது. ஆனாலும் நிலம் கைமாறவில்லை.

மார்லி என்றதும் நினைவுக்கு வருவது ஜமைக்காவின் பாப் மார்லி. அவரும் இந்த வழியில் நடந்தவர்தான். இளவயதில் கிங்ஸ்டன் நகரில் ஒரு ஸ்டூடியோ முதலாளிக்காகப் பாடினார். பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது, கைக்கு வந்ததோ சொற்பம். சொந்த லேபிள் ஒன்றை முயன்று பார்த்து, 1970-இல் தன் குழுவினருடன் ‘டஃப் காங்’ நிறுவனத்தைத் தொடங்கினார். டஃப் காங் என்பது அவருடைய பட்டப்பெயர்.

ராக் உலகில் இதைவிட விசித்திரமான கதை இங்கிலாந்தின் மான்செஸ்டரில் நடந்தது. 1978-இல் டிவி தொகுப்பாளர் டோனி வில்சனும் நண்பர்களும் ‘ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ்’ தொடங்கினார்கள். கலைஞர்களுக்கே எல்லாம் சொந்தம், கம்பெனிக்கு எதுவும் சொந்தமில்லை என்பது அவர்கள் கொள்கை. வியாபாரமாகப் பார்த்தால் சுத்தப் பைத்தியக்காரத்தனம். ‘நியூ ஆர்டர்’ குழுவின் ‘ப்ளூ மண்டே’ 1983-இல் சக்கைப்போடு போட்டது. ஆனால் கிளப், கட்டடம் என்று செலவு எகிறி 1992-இல் கம்பெனி திவாலானது. வாங்க வந்த பெரிய நிறுவனம் காகிதத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, வாங்குவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை என்று! கடைசியில் அந்த நிறுவனம் நேரே குழுவிடமே போய்ப் பேச வேண்டியதாயிற்று. கம்பெனி மூழ்கியது, பாட்டு பிழைத்தது.

அதற்காக, ‘சுயாதீனம்’ என்ற பேரைப் பார்த்ததும் நம்பிவிடவும் கூடாது. 2021-இல் ‘மாஜா’ என்ற சுயாதீன நிறுவனம் வெளியிட்ட ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகமே கேட்ட பாட்டு. மூன்றாண்டு கழித்து, தனக்கும் தீக்கும் அறிவுக்கும் அதிலிருந்து வருமானம் ஒரு பைசா வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. நிலத்தையும் பாட்டன் பூட்டனையும் பாடிய பாட்டுக்கே இந்த வழக்கு!

இன்று கேசட் கடை வேண்டாம், லாரி வேண்டாம். ஒரு விநியோகஸ்தர் மூலம் கும்பகோணத்தில் பதிவான பாட்டு அதே வாரம் டொரண்டோவில் கேட்கும். லேபிள் தொடங்குவது அவ்வளவு எளிது. கணக்கு வைப்பதும், பங்கு பிரிப்பதும்தான் கஷ்டம்.

உங்கள் வீட்டிலும் பாட்டெழுதி மெட்டுப் போடும் பிள்ளை இருந்து, யாராவது காகிதத்தை நீட்டினால், எத்தனை வருடத்துக்கு, எந்த நாடுகளுக்கு என்ற இரண்டு வரிகளைத் தேடச் சொல்லுங்கள். வருடம் குறிப்பிடாமல் உரிமை எழுதிக் கொடுத்தால் சட்டம் அதை 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும். நாடு குறிப்பிடாவிட்டால், இந்தியாவுக்கு மட்டும். வாய்ச்சொல்லால் உரிமை கைமாறாது. எழுத்தும் கையெழுத்தும் வேண்டும்.