சியோலைட்டும் சீசியமும்: உறிஞ்சும்வே, அப்புறம்?

கூடங்குளம்னு எழுதினாலே நம்ம பதிவர் வட்டத்துல ரெண்டு கட்சிதான். "ஒண்ணும் ஆகாது" கட்சி, "எல்லாம் போச்சு" கட்சி. இதுல முதல் கட்சிக்காரங்க கையில இப்போ ஒரு புது ஆயுதம்: சியோலைட். "கதிரியக்க சீசியமா? சியோலைட்டைக் கொட்டினா உறிஞ்சிரும்வே, சோலி முடிஞ்சுது" என்கிறார்கள்.

உறிஞ்சும். அது உண்மை. சோலி முடியுமா என்பதுதான் என் சண்டை.

சியோலைட் ஒன்றும் மாயப்பொடி இல்லை. இறால் குட்டையில போடுறாங்களே, சலவைத்தூள்ல கலக்குறாங்களே, அதே குடும்பம்தான். அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் சேர்ந்த கூடு. உள்ளே நுணுக்கமான துவாரங்கள். அலுமினியத்தால் அந்தக் கூட்டுக்கு எதிர்மின்னூட்டம் வருது. அதை ஈடுகட்ட உள்ளே சோடியம் அயனி உட்கார்ந்திருக்கும். சீசியம் கலந்த தண்ணி வந்தா, சோடியம் இறங்கிக்கும், சீசியம் ஏறி சீட்டைப் பிடிச்சுக்கும். நெல்லை எக்ஸ்பிரஸ் அன்ரிசர்வ்டு மாதிரின்னு வெச்சுக்கங்க. கடல்தண்ணியா இருந்தா சோடியம் கூட்டம் அதிகம், சீசியத்துக்கு சீட் கிடைக்கிறது கஷ்டம்.

கவனிச்சீங்களா? சீசியம் அழியலை. இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான். தண்ணியில பரவிக் கிடந்தது இப்போ ஒரு டப்பாவுக்குள்ள குவிஞ்சிருக்கு. தண்ணி சுத்தமாச்சு, டப்பா பேயாச்சு.

வெளிநாட்டு உதாரணம் கேட்பீங்க. இங்கிலாந்தின் செல்லாஃபீல்டில் 1985 முதல் கிளினோப்டிலோலைட் என்கிற இயற்கை சியோலைட் வழியாத்தான் எரிபொருள் குளத்துத் தண்ணியை விடுறாங்க. ஐரிஷ் கடலுக்குப் போன சீசியம் நல்லாவே குறைஞ்சுது. இதை "எல்லாம் போச்சு" கட்சி மறைக்கக்கூடாது. ஆனா தீர்ந்துபோன சியோலைட் அதே வளாகத்துத் தொட்டிகளில் தேங்கியதை முதல் கட்சி சொல்லாது.

ஃபுகுஷிமா கதை இன்னும் மோசம். 2011 விபத்துக்குப் பிறகு, அசுத்தத் தண்ணி தேங்கிய ரெண்டு கட்டடங்களின் அடித்தளத்துல சியோலைட் மூட்டைகளைப் போட்டாங்க. மூட்டை தன் வேலையைச் செஞ்சுது. விளைவு? சில இடங்களில் மூட்டை மேல் மணிக்கு 4 சீவர்ட்டுக்கும் அதிகம். ஒரு மணி நேரம் பக்கத்துல நின்னா உயிருக்கு உத்தரவாதம் இல்லை. 14 வருஷம் கழிச்சு, 2025லதான் ரோபோவை இறக்கி மூட்டைகளை ஒரு இடத்துல சேர்க்கவே ஆரம்பிச்சாங்க.

சீசியம்-137ன் அரை ஆயுள் சுமார் 30 வருஷம். ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய 300 வருஷம். நம்ம ஊர்க் கணக்குல சொல்றேன். கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799. அன்னைக்கு ஒரு டப்பாவை மூடி வெச்சிருந்தா, இன்னைக்கும் அதில் நூத்தி எண்பதில் ஒரு பங்கு சீசியம் மிச்சம் இருக்கும். அந்த டப்பாவுக்கு நடுவுல எத்தனை ஆட்சி மாறியிருக்கும்? யாரு பூட்டுச் சாவியை யாருகிட்ட கொடுத்திருப்பா?

இப்போ கூடங்குளம். 1988 ஒப்பந்தப்படி எரிந்த எரிபொருளை சோவியத் நாடே எடுத்துக்கிறதா இருந்தது. பிறகு அது மாறி, இங்கேயே வெச்சுக்கிறதுன்னு ஆச்சு. எரிந்த கம்பிகளுக்குள்ளதான் சீசியத்தின் பெரும்பகுதி இருக்கு. சியோலைட்டின் வேலை தண்ணிக்குள் கசிந்ததைப் பிடிக்கிறது. கம்பியை அதால ஒண்ணும் செய்ய முடியாது. கம்பிகளை வைக்க உலைக்கு வெளியே தனிக் கிடங்கு சீக்கிரம் கட்டணும்னு 2013ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018ல் கெடுவை 2022 வரை நீட்டியது. 2019 ஜூலை 10ன்னு கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிச்சு, அதைத் தள்ளி வெச்சாங்க. 2022ல் முதல்வர் ஸ்டாலின், கிடங்கு வேண்டாம், ரஷ்யாவுக்கே அனுப்புங்கன்னு பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

பாபநாசத்துலேர்ந்து புன்னைக்காயல் வரைக்கும் ஆத்தோரமா இருக்கிற நாம, "அது கடலோரம், நமக்கென்ன"ன்னு கேட்கிறோம். ராதாபுரம் பக்கத்து மக்கள் கேட்டா "வளர்ச்சிக்கு எதிரி"ங்கிறோம். இடிந்தகரைக்காரங்க கேட்டது இதைத்தானே அண்ணாச்சி? குப்பை எங்கே போகும், எத்தனை வருஷம், யார் பொறுப்பு?

அந்தக் கேள்விக்கு "சியோலைட்"னு ஒரு வார்த்தையில் பதில் சொல்றது விஞ்ஞானம் இல்லை, வாயடைப்பு. வடிகட்டி எதுன்னு மட்டும் சொல்லாதீங்க. வடிகட்டி நிறைஞ்ச பிறகு அது எந்த ஊர் மண்ணில் படுத்துக் கிடக்கும்னு தமிழ்ல எழுதி, கூட்டம் போட்டுச் சொல்லுங்க. அதுக்கப்புறம் ஆதரிக்கிறதா எதிர்க்கிறதான்னு மக்கள் முடிவு பண்ணிக்குவாங்க.

டிஸ்கி 1: உடம்புல சீசியத்தை எடுக்க சியோலைட் பொடி சாப்பிடலாம்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. தயவுசெய்து வேண்டாம். அதுக்கு மருத்துவர்கள் கொடுப்பது பிரஷ்யன் புளூ. 1987ல் பிரேசிலின் கோயானியா விபத்துல அதைத்தான் கொடுத்தாங்க.

டிஸ்கி 2: "அப்போ உமக்கு கரண்ட் வேண்டாமா?"ன்னு பின்னூட்டம் வரும்னு தெரியும். வேணும்வே. அதான் கேட்கிறேன் :-)