பல் கூசினால் அசட்டை வேண்டாம்!

லட்டு தின்றால் பல் கூசுகிறது. ஜாங்கிரியைக் கடித்தால் 'சுரீர்' என்கிறது. வீட்டுக்கு வீடு கேட்கிற பேச்சு இது. "அந்தப் பக்கம் வேண்டாம், இந்தப் பக்கம் கடி" என்று பாட்டி சொல்லுவாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அப்படி முடியக்கூடாது. கூச்சம் என்பது பல் கொடுக்கும் எச்சரிக்கை.

ஏன் கூசுகிறது?

பல்லின் மேல் ஓட்டுக்கு 'எனாமல்' என்று பெயர். நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். அதில் நரம்பு இல்லை, வலியும் தெரியாது. அதற்கு அடியில் இருப்பது 'டென்டின்'. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழாய்கள் ஏராளம். அவற்றில் நீர் இருக்கிறது. பல்லின் நடுவில் உள்ள நரம்பை நோக்கி அவை போகின்றன.

பல்லில் சொத்தை விழுந்தாலும், மேல் ஓடு தேய்ந்தாலும், ஈறு இறங்கினாலும் டென்டின் வெளியே தெரியும். மாங்காயில் உப்பைப் போட்டால் நீர் விடுகிறது அல்லவா? அதுபோலவே இனிப்பு பட்டதும் குழாயில் உள்ள நீர் இழுக்கப்படுகிறது. நீர் அசைந்தால் நரம்பு துடிக்கிறது. சுவீடன் நாட்டு அறிஞர் பிரான்ஸ்ட்ரோம் 1960-களில் இதை ஆராய்ந்து விளக்கினார்.

கூச்சம் நின்றால் குணமா?

"தானாகவே நின்றுவிட்டது" என்று சிலர் மகிழ்கிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. சொத்தை ஆழமாகி நரம்பு செத்துப் போனாலும் கூச்சம் நின்றுவிடும். பிறகு வேரில் சீழ் பிடிக்கும். சின்னக் குழியாக இருக்கும்போதே அடைத்தால் பல் பிழைக்கும். தாமதித்தால் வேர் சிகிச்சை; அதற்கும் தாமதித்தால் பல்லையே பிடுங்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

செங்கல் பொடி, கரி, உப்பு கொண்டு தேய்க்காதீர்கள். அவை பல்லை அராவிவிடும். மென்மையான பிரஷ், புளோரைடு கலந்த பற்பசை, காலையிலும் இரவிலும் இரண்டு நிமிடம் - இது போதும். அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

கூச்சத்துக்கென்று விற்கும் பற்பசை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். ஆனால் அது சொத்தையை அடைக்காது. கிராம்புத் தைலமும் வலியைச் சற்று நேரம் மறைக்கும், அவ்வளவுதான்.

இனிப்பை அடியோடு விட வேண்டியதில்லை. சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடுங்கள். பிறகு வாய் கொப்பளியுங்கள். நாள் முழுவதும் மிட்டாய் சப்புவதும், சர்க்கரை போட்ட டீயை ஐந்தாறு தடவை குடிப்பதும்தான் கெடுதல். ஒவ்வொரு தடவையும் வாயில் உள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்கிப் பல்லை அரிக்கின்றன.

ஒரே பல் திரும்பத் திரும்பக் கூசினால் டாக்டரிடம் காட்டுங்கள். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் மக்களுக்கு வழி எளிது. கடற்கரை மின்சார ரெயிலில் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால், அருகிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

பால் பல்தானே, விழுந்துவிடும் என்று குழந்தைகளின் பல்லை விட்டுவிடாதீர்கள். அடுத்து முளைக்கும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பது அதுதான்.

தீபாவளிக்கு இனிப்பு வாங்கப் பணம் ஒதுக்குகிறோம். பல்லைக் காட்ட ஒரு நாள் ஒதுக்கக்கூடாதா?