கள்வனுக்கு மட்டுமா பெட்டகம்?

இரும்புப் பெட்டகம் வாங்கப் புறப்படும் நம்மவர் கள்வனை மட்டுமே நினைக்கின்றனர். கதவின் தடிப்பைத் தட்டிப் பார்த்துத் திருப்தியடைகின்றனர். தீயை எண்ணுவார் எவர்? பொன் 1064 பாகை செல்சியசில் உருகும், உருகினும் பொன்னே. காணி உறுதியோ வெறுங் காகிதம்! தீத்தடுப்பில்லாத பெட்டிக்குள் அது கருகிவிடும்.

ஆகவே விற்பவரிடம் முதலிற் கேட்க வேண்டியது இது: புறத்தே தீ எரிகையில் உள்வெப்பம் 177 பாகையைத் தாண்டாமல் எத்தனை மணி நேரம் நிற்கும்? சோதனைச் சான்று காட்டாதவரிடம் வாங்குதல் வீண் செலவு. பெட்டகத்தைச் சீமெந்துத் தரையோடு பிணைத்தலும் வேண்டும். இல்லையேல், பூட்டை உடைக்கும் சிரமம் கள்வனுக்கு எதற்கு? பெட்டியையே சுமந்து செல்வான். தீத்தடுப்புப் பெட்டகத்தினுள் ஈரம் தங்குவதும் உண்டு. உறுதிகளை ஈரம் படாதவாறு வைத்தல் நன்று.

ஆயினும், 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் வெளியேறிய மக்களால் பெட்டகத்தைத் தூக்கிச் செல்ல முடிந்ததா? காணிப் பதிவகத்தில் இரண்டாம் பிரதி உண்டென்பர். உறுதியின் இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் அறியாதவர் அங்கே எதைத் தேடுவார்? அவற்றை எழுதி, ஒரு பிரதியுடன் வேற்றூர் உறவினரிடமும் கொடுத்து வைக்குமாறு எம்மை நாடி வருவோருக்குக் கூறி வருகின்றோம்.