வீதி எவ்வளவு அகலம்?



சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் ஒரு நிறுவனம் வீடுகள் கட்டிக் கொடுத்தது. பெயர் வேண்டாம். சாவி தந்த அன்று பக்கத்து வளவு மாமி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தா. "ஏன் புள்ள, வீடு வடிவாத்தான் இருக்கு. விறகடுப்பு வைக்க இடமெங்க?" என்று கேட்டா. புகை போக வழியில்லாத சின்னக் குசினி. படம் கீறியவர் ஒருநாளும் விறகில் சமைத்திருக்க மாட்டார். மாமியிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவும் இல்லை. அவ வீட்டுக்குப் பின்னால் நாலு தகரம் இறக்கி அடுப்பு மூட்டினா.

பலஸ்தீனத்தில் ஜெனின் என்ற அகதி முகாமைப் பற்றி வாசித்தபோது மாமியின் கேள்வி திரும்பவும் ஞாபகம் வந்தது. அந்த முகாமும் இடிக்கப்பட்டு, பிறர் தந்த காசில் திரும்பக் கட்டப்பட்டது. அங்கும் சனங்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். அது அடுப்பைப் பற்றியதல்ல, வீட்டுக்கு முன்னால் போகும் வீதியின் அகலத்தைப் பற்றியது.

1948ஆம் ஆண்டுப் போரில் ஹைஃபா பகுதியிலும் கார்மேல் மலைப் பக்கத்துக் கிராமங்களிலும் இருந்து துரத்தப்பட்டும் உயிருக்குப் பயந்து ஓடியும் வந்த பலருக்காக 1953இல் அமைக்கப்பட்டது ஜெனின் முகாம். மொத்தப் பரப்பு அரைச் சதுரக் கிலோமீற்றர்கூட இல்லை. முதலில் கூடாரம், பிறகு ஐ.நா. கட்டிக் கொடுத்த சிறு அறைகள். பிள்ளைகள் வளர்ந்து கலியாணம் முடிக்க, பக்கத்தில் நிலம் இல்லாததால் மேலே மாடி எழுப்பினார்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு ஒழுங்கை மாத்திரம் மிஞ்சியது. விட்டு வந்த ஊருக்கும் முகாமுக்கும் இடையே ஐம்பது கிலோமீற்றர்கூட இல்லை. ஆனாலும் திரும்பிப் போக முடியவில்லை.

1967இல் மேற்குக் கரை முழுவதும் இஸ்ரேலிய இராணுவத்தின் கைக்குள் வந்தது. 1995இல் ஜெனின் நகரம் பலஸ்தீன அதிகார சபையிடம் கைமாறியது. ஆனால் சுற்றிவர இருந்த இராணுவமும் சோதனைச் சாவடிகளும் போகவில்லை.

2002 மார்ச்சில் இஸ்ரேலின் நெத்தன்யா நகரில், பெருநாள் விருந்துக்குக் கூடியிருந்தவர்கள் மீது நடந்த தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் 30 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து இராணுவம் மேற்குக் கரை நகரங்களுக்குள் நுழைந்தது. ஏப்ரல் 3ஆந் திகதி ஜெனின் முகாமுக்குள் வந்தது. முகாமுக்குள் ஆயுதம் தாங்கியவர்கள் இருந்தார்கள். அவர்களோடு ஆயிரக்கணக்கான தாய்மாரும் குழந்தைகளும் முதியவர்களும் இருந்தார்கள்.

தண்ணீரும் மின்சாரமும் நின்றன. ஒழுங்கையில் சுடுபட்டுவிடாமல் இருக்க, இராணுவத்தினர் வீட்டுச் சுவரை உடைத்து அடுத்த வீட்டுக்குள் போனார்கள். சில வீடுகளில் குடும்பத்தை ஒரு அறைக்குள் அடைத்துவிட்டு மற்ற அறைகளில் தங்கினார்கள். காயப்பட்டவர்களை எடுக்க அம்புலன்ஸ் பல நாட்களாக உள்ளே விடப்படவில்லை. வாதநோயால் நடக்க முடியாத ஒருவரை வெளியே எடுக்கும்வரை பொறுக்கும்படி வீட்டுப் பெண்கள் கெஞ்சியும், புல்டோசர் அவரோடு சேர்த்தே வீட்டை இடித்தது என்று மனித உரிமைக் கண்காணிப்பகம் பதிவுசெய்திருக்கிறது.

சண்டை முடிந்தபோது 52 பலஸ்தீனர்களும் 23 இஸ்ரேலியச் சிப்பாய்களும் இறந்திருந்தார்கள். அந்த 52 பேரில் குறைந்தது 22 பேர் பொதுமக்கள் என்று அதே கண்காணிப்பகம் கணக்கிட்டது. முகாமின் நடுவே இருந்த ஹவாஷின் என்ற குறிச்சி மண்மேடாகிவிட்டது. 140க்கு மேற்பட்ட கட்டிடங்கள் தரைமட்டம். ஏறத்தாழ 4,000 பேர் வீடிழந்தார்கள். உண்மையைக் கண்டறிய ஐ.நா. ஒரு குழுவை அமைத்தது. இஸ்ரேல் ஒத்துழைக்காததால் குழு அங்கே போகாமலே கலைக்கப்பட்டது.

பிறகு திரும்பக் கட்டும் வேலை தொடங்கியது. ஐக்கிய அரபு இராச்சியத்தின் செம்பிறைச் சங்கம் 27 மில்லியன் டொலர் கொடுத்தது. பலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. நிறுவனம் வேலையைப் பொறுப்பெடுத்தது. அதை நடத்திய பிரித்தானியர் இயன் ஹூக், 2002 நவம்பர் 22ஆந் திகதி முகாமில் இருந்த ஐ.நா. வளவுக்குள்ளேயே இராணுவத்தின் சூடுபட்டு இறந்தார். அதன் பிறகும் வேலை நடந்தது.

வீதிக் கதை இங்கேதான் வருகிறது. புதிய வீதிகளை 4 முதல் 6 மீற்றர் அகலமாக்கத் திட்டம் போட்டார்கள். அதற்காக ஒவ்வொரு வீட்டு நிலத்திலும் பத்திலொரு பங்கு அளவில் அல்லது அதற்குச் சற்றுக் கூட எடுக்க வேண்டும். முகாம் சனங்கள் பலர் எதிர்த்தார்கள். ஒழுங்கை ஒடுக்கமாக இருந்தபடியால்தான் தாங்கி சுலபமாக உள்ளே வர முடியவில்லை, இப்போது நாங்களே வழி வெட்டிக் கொடுப்பதா என்பது அவர்களின் கேள்வி. தாங்கி எப்படியும் வரத்தான் போகிறது, வீதி அகலமாக இருந்தால் சுவர்களை இடிக்காமலாவது போகும் என்பது திட்டக்காரரின் பதில். முடிவில் வீதி அகலமாகத்தான் அமைந்தது.

இதை வாசித்த உடனே நான் முகாம் சனங்களின் பக்கம் நின்றேன். பிறகு யோசித்தேன். இரவில் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அம்புலன்ஸ் நுழைய முடியாத ஒழுங்கையில் ஓடும் தாய் என்ன சொல்லுவாள்? அவளுக்கும் அகலமான வீதி தேவைதான். ஆனால் அம்புலன்ஸ் வரும் வழியால்தான் தாங்கியும் வரும். ஒரு தாய்க்கு இப்படி ஒரு தெரிவு வரக்கூடாது. ஆக்கிரமிப்புக்குள் வாழ்வது என்றால் இதுதான் என்று அப்போது விளங்கியது. குண்டு விழாத நாளிலும், வாசலுக்கு முன்னால் எத்தனை அடி விடுவது என்ற சின்ன முடிவுக்குள்ளும் இராணுவம் வந்து நிற்கிறது.

நல்ல வீடு கட்டுவதிலும் அவர்களுக்கு ஒரு பயம் இருந்தது. முகாமில் நிரந்தரமாகக் குடியிருந்துவிட்டால், ஹைஃபாப் பக்கம் இருந்த சொந்த ஊருக்குத் திரும்பும் உரிமையை விட்டுவிட்டோம் என்று உலகம் நினைத்துவிடுமோ என்ற பயம். நலன்புரி நிலையத்தில் இருந்த காலத்தில் எங்கள் அம்மா ஒரு கறிவேப்பிலைக் கன்றுகூட நட விடவில்லை. "நட்டா இங்கயே இருந்துருவம்" என்பா. ஆகவே அந்தப் பயம் எனக்குப் புதிதல்ல.

திரும்பக் கட்டிய முகாமும் நிலைக்கவில்லை. 2023 யூலையில் இரண்டு நாள் நடந்த தாக்குதலில் 12 பலஸ்தீனர்களும் ஒரு இஸ்ரேலியச் சிப்பாயும் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் இரவோடிரவாக வெளியேறினார்கள். புல்டோசர் வீதிகளைக் கிளறிப்போட்டது. 2025 சனவரி 21ஆந் திகதி தொடங்கிய நடவடிக்கையில் முகாம் முழுவதுமாகவே வெறிச்சோடிப் போனது. ஜெனினோடு மற்ற வடபகுதி முகாம்களையும் சேர்த்து ஏறத்தாழ 40,000 பேர் இடம்பெயர்ந்ததாக ஐ.நா. சொன்னது. உறவினர் வீடுகளிலும், வாடகை அறைகளிலும், பல்கலைக்கழக மாணவர் விடுதியிலும் போய் ஒதுங்கினார்கள். அந்த ஆண்டு முடியும்போதும் அவர்களைத் திரும்ப விடவில்லை. அதற்கிடையில் இராணுவம் வரிசை வரிசையாக வீடுகளை இடித்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? உள்ளே போய்வர அகலமான வீதி வேண்டும் என்பது.

அப்படியென்றால் இருபது வருடத்துக்கு முன் நடந்த அந்த வாக்குவாதம் வீணா? சிலர் அப்படிச் சொல்லலாம். ஒடுக்கமாக விட்டிருந்தாலும் இடித்திருப்பார்கள்தானே என்று கேட்கலாம். நான் வீண் என்று நினைக்கவில்லை. வீட்டை இழந்து, பிறர் காசில் வீடு வாங்கும் நேரத்திலும், "இது நாங்கள் இருக்கப்போகும் இடம், எங்களிடம் கேளுங்கள்" என்று அந்தச் சனங்கள் சொன்னார்கள். உதவி பெறுகிறவர் வாய் திறக்கக்கூடாது என்று எங்களில் எத்தனை பேர் நினைத்திருக்கிறோம்! கூட்டத்தில் பின்வரிசையில் இருந்து, கையொப்பம் வைக்கச் சொன்ன இடத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

மாமியின் தகரக் குசினி இன்னும் இருக்கிறது. நிறுவனம் கட்டித்தந்த குசினிக்குள் அவ நெல்லு மூட்டை வைத்திருக்கிறா. அன்றைக்கு அந்தக் கேள்வியை என்னிடம் கேட்காமல், படம் கீறின ஐயாவிடம் கேட்டிருக்கலாமே என்று ஒருநாள் சொன்னேன். "அவர் எங்கட வளவுக்குள்ள ஒருநாளும் வரல்லியே, புள்ள" என்றா.

உங்களுக்கு வீடு கட்டித் தந்தபோது உங்களிடம் என்ன கேட்டார்கள்? கேட்காமல் விட்டது என்ன? எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவித்து அனுப்புங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.